கைபேசிப் படமா, முக்காலியில் சொம்பா? உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு எந்த ஓவிய வகுப்பு

என் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. ஆறாவதிலிருந்து ஓவிய வகுப்புக்குப் போகிறாள். இதற்குள் மூன்று இடம் மாற்றிவிட்டோம். நாங்கள் இருப்பது கும்பகோணம் என்பதால் இந்த ஊர்ப் பக்கத்து அனுபவம்தான் அதிகம் இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் ஓரளவு பெரிய ஊர் எதுவானாலும் பெற்றோர் முன்னால் இருக்கும் வழிகள் ஏறக்குறைய இவைதான். எனக்கு எது பிடித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு தொழில்நுட்பத் தேர்வுக்கு, அதாவது எல்லோரும் ‘லோயர், ஹையர்’ என்று சொல்லும் ஓவியத் தேர்வுக்கு, பிள்ளைகளைத் தயார்செய்யும் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவரின் வீட்டு வகுப்பு. கடைசியாக அங்கேதான் சேர்த்தோம், இப்போதும் அங்கேதான் போகிறாள்.

பள்ளியிலேயே ஓவியம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. நல்ல ஓவிய ஆசிரியர்கள் அரசுப் பள்ளிகளில் நிறையப் பேர் உண்டு. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். அவர்களுக்கு வாரத்துக்கு மூன்று அரைநாள்தான் பள்ளி. அவ்வளவு நேரத்தில் எத்தனை வகுப்பைப் பார்ப்பார்கள்? அதிலும் பிள்ளை ஒன்பதாவதுக்கு வந்துவிட்டால் ஓவியப் பாடவேளை கணக்குக்குப் போய்விடுகிறது. 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா நல்ல ஏற்பாடு, வரைகிற பிள்ளைக்கு மேடை கிடைக்கிறது. ஆனால் அது போட்டிதான், சொல்லித்தரும் இடம் அல்ல.

முதலில் நாங்கள் சேர்த்தது வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த தனியார் வகுப்பில். மாதம் 900 ரூபாய், சனி ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம். இடம் சுத்தம், பேசுவது அன்பு, நடந்தே போய்விடலாம். இரண்டு வருடத்தில் மூன்று பதக்கம், ஒரு கேடயம், அறுபது படம் அடங்கிய ஒரு கோப்பு. மயில், நீர்வீழ்ச்சி, புல்லாங்குழல் கிருஷ்ணர், சூரியன் மறையும்போது படகு. உறவினர் யார் வந்தாலும் அந்தக் கோப்பை எடுத்துக் காட்டுவோம்.

எட்டாவது முடிந்த கோடை விடுமுறையில் ஒருநாள் என் அம்மா அடுக்களையில் அரிவாள்மனை போட்டு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். “பாட்டியை அப்படியே வரையேன்” என்றேன். பென்சிலை எடுத்து உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் தாளில் ஒரு வட்ட முகம் மட்டும் இருந்தது. “இதுக்குப் படம் இருக்காப்பா?” என்று கேட்டாள். பாட்டி இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார், பிள்ளை கைபேசியில் படம் கேட்கிறது. அப்போதுதான் அந்த அறுபது படத்தையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எல்லாமே படத்தைப் பார்த்து வரைந்த படம். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, தாளில் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் மாற்றுவது. கடைசியில் முகத்துக்கும் கண்ணுக்கும் ஆசிரியரே கை வைத்துச் சரிசெய்து கொடுப்பார். என் மகளுக்கு அந்த வகுப்பில் வண்ணம் கலக்கத் தெரிந்தது, தாளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தது. எதிரில் இருக்கும் பொருளைப் பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை.

அதனால் நான் எந்த வகுப்பைப் பார்த்தாலும் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். பிள்ளைகள் எதைப் பார்த்து வரைகிறார்கள்? திரையையா, இன்னொருவர் வரைந்த படத்தையா, எதிரில் இருக்கும் பொருளையா? கட்டணம், தூரம், சான்றிதழ் எல்லாம் இதற்கு அப்புறம்தான். பத்து வயதுக் குழந்தை மயில் படத்தைப் பார்த்துப் போட்டு மகிழ்ந்தால் அதில் ஒரு குறையும் இல்லை. பதினான்கு வயதில் நிலைமை வேறு. கண்ணால் அளக்கவும், அளந்ததைக் கைக்குக் கொண்டுவரவும் பழகவேண்டிய வயது அது. அந்த வயதையும் நகல் எடுப்பதிலேயே கழித்துவிட்டால், பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவதே பெரிய வேலையாகிவிடுகிறது. என் மகளுக்கு அதற்கே ஆறு மாதம் ஆயிற்று.

மாஸ்டர் வீட்டுத் திண்ணைதான் வகுப்பறை. எட்டுப் பிள்ளைகள். நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் ஒரு பித்தளைச் சொம்பு, வலப்பக்கம் தெருவிலிருந்து வெளிச்சம். முதல் நாள் என் மகள் பத்து நிமிடத்தில் சொம்பை முடித்துவிட்டாள். வாய் இரண்டு பக்கமும் கூர்மையாக, மீன் போல இருந்தது. அடிப்பக்கம் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேர்கோடு. அவர் திட்டவில்லை, திருத்தவும் இல்லை. சொம்பைக் கையில் எடுத்து அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

“வாய் எப்படித் தெரியுதும்மா?”

“கோடு மாதிரி, சார்.”

மெதுவாகக் கீழே இறக்கினார். “இப்ப?”

“விரியுது.”

இன்னும் இறக்கித் தரையில் வைத்தார். “வாய் எவ்வளவு விரிஞ்சிருக்கு பாரு. அடி வாயைவிடக் கீழதானே இருக்கு, அது மட்டும் எப்படிக் கோடா இருக்கும்?”

அவ்வளவுதான். ஒரு வட்டம் கண்மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க விரிந்துகொண்டே போகும் என்பதும், அதனால் சொம்பின் அடி வளைவு வாயின் வளைவைவிட அதிகம் வளைந்திருக்க வேண்டும் என்பதும் அன்று அவளுக்குக் கண்ணாலேயே புரிந்தது. எனக்கும்தான். நாற்பது வருடமாகச் சொம்பில் தண்ணீர் குடிக்கிறேன், அதை அப்படிப் பார்த்ததில்லை. அந்த ஒரே சொம்பை மூன்று வாரம் வரைந்தாள். ஒரு கண்ணை மூடி, கையை மடக்காமல் நீட்டி, பென்சில் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் கழுத்தின் அகலத்தை அளந்து, வயிற்றின் அகலத்தில் அது எத்தனை பங்கு என்று பார்ப்பது. நாலாவது வாரம் டபரா டம்ளர். அப்புறம் பாதி மடல் உரித்த வாழைப்பூ. அதன் ஒவ்வொரு மடலும் ஒவ்வொரு திசையில் திரும்பியிருக்கும், அதற்குள் வரிசையாகப் பூ. அந்தப் படத்தை முடிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் வாழைப்பூ கறுத்துவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கிப் போனோம். “அது வேற பூ, முதல்லேர்ந்து போடு” என்று சொல்லிவிட்டார்.

அவர் நடத்துவது ‘ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் அண்ட் மாடல் டிராயிங்’ என்ற பாடத்துக்கு. தேர்வை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். முதலில் லோயர், அதில் தேறினால் ஹையர். இந்த மாடல் டிராயிங் என்பதே பொருளை எதிரில் வைத்து வரைவதுதான். அதனால் தேர்வுக்குத் தயார்செய்யும் மாஸ்டர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பொருளை எதிரில் வைத்தாக வேண்டும். நான் இந்த வழியைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். சான்றிதழுக்காக அல்ல. ஓவிய ஆசிரியர் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு அந்தச் சான்றிதழ் ஒரு படி, அவ்வளவே. பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ போகும் பிள்ளைக்கு அதனால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு பெருமையும் இருக்கிறது. பத்திரிகைகளில் கோடுகளாலேயே மனிதர்களை நடமாடவிட்ட கோபுலு கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். கோயில் சிற்பங்களை வரைந்த ஸில்பி எழும்பூர் ஓவியப் பள்ளியில் படித்தவர். சிலைக்கு எதிரில் உட்கார்ந்து, அங்கேயே வரைவார். மாஸ்டர் இதைச் சொல்லித்தான் மார்கழி விடுமுறையில் பிள்ளைகளைத் தாராசுரத்துக்கு அழைத்துப்போனார். காலை ஏழு மணிக்குப் போய், வெயில் ஏறும் வரை ஐராவதேசுவரர் கோயில் முன்மண்டபத்துத் தேர்ச் சக்கரத்துக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அந்தச் சக்கரமும் சொம்பின் வாய்தானே! என் மகள் அதை நேராகப் போய் நின்று வட்டமாக வரையாமல், வேண்டுமென்றே ஓரமாக உட்கார்ந்து வரைந்தாள்.

இந்த வகுப்பில் குறையும் உண்டு. வண்ணம் மிகக் குறைவு, முதல் வருடம் முழுக்கப் பென்சில்தான். ஃப்ரீஹேண்ட் பகுதியில் இருபுறமும் ஒத்துவரும் அலங்கார வடிவங்களைப் பெரிதாக்கிப் போடும் பயிற்சி சில பிள்ளைகளுக்கு அலுத்துவிடுகிறது, இரண்டு பேர் நின்றேவிட்டார்கள். மனத்தில் தோன்றியதை வரைவதற்கு அங்கே இடம் இல்லை. கார்ட்டூன், அனிமே என்று ஆசைப்படும் பிள்ளையை அந்தத் திண்ணையில் கட்டிப்போட முடியாது. என் மகள் அதையெல்லாம் வீட்டில் தனி நோட்டில் போட்டுக்கொள்கிறாள்.

செலவு என்று பார்த்தால் மாதம் 500 ரூபாய், 2பி, 4பி, 6பி பென்சில்கள், கார்ட்ரிட்ஜ் தாள். முந்தைய வகுப்பில் அக்ரிலிக்கும் கேன்வாஸும் வாங்கியே கட்டணத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வகுப்புக்கும் மாஸ்டர் வகுப்புக்கும் நடுவில் மூன்று மாதம் இணைய வகுப்பில் சேர்த்திருந்தோம். சொல்லித்தந்தவர் திறமைசாலி. நீர்வண்ணத்தில் தாள் ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தைப் படரவிடுவதை அவரிடம்தான் கற்றாள். ஆனால் அவர் பார்ப்பது முடிந்த படத்தின் புகைப்படத்தை. கை எங்கே தடுமாறியது, பென்சிலை எப்படிப் பிடித்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. பார்த்து வரையும் பொருளையும் அவர் இருக்கும் கோணத்திலிருந்து திரையில்தான் காட்ட முடிகிறது. ஆளே கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு இது வரம். அப்படிச் சேர்ப்பவர்கள் பிள்ளையின் மேசையிலேயே பொருளை வைத்து, கேமராவைத் தாளின் பக்கம் திருப்பி வைக்கச் சம்மதிக்கும் ஆசிரியராகப் பாருங்கள்.

கலை பண்பாட்டுத் துறையின் ஜவஹர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரையானவர்களுக்கு. சனி, ஞாயிறுகளில் ஓவியத்தோடு பாட்டு, பரதநாட்டியமும் உண்டு. கட்டணம் மிகக் குறைவு. எங்களுக்குத் தஞ்சாவூர் போக வேண்டும், வாரம் இரண்டு நாள் நாற்பது கிலோமீட்டர் போய்வர முடியாது என்று விட்டுவிட்டோம். ஒரே ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயம் அல்ல. நாங்கள் போன அன்று பிள்ளைகள் தலைப்பு கொடுத்து வரைந்துகொண்டிருந்தார்கள், உற்சாகமாக இருந்தது. பக்கத்தில் இருந்திருந்தால் ஆறாவதிலேயே அங்கேதான் சேர்த்திருப்பேன்.

சிபிஎஸ்இ பள்ளியில் படிப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பதினொன்று, பன்னிரண்டில் பெயிண்டிங்கை ஒரு பாடமாகவே எடுக்கலாம். எழுத்துத் தேர்வு 30, செய்முறை 70. அந்த 70-இல் 25 மதிப்பெண் பொருட்களை வைத்து வரைவதற்கு. இரண்டு மூன்று பொருட்கள், பின்னால் ஒன்றும் கீழே ஒன்றுமாக மடிப்பு விழுந்த துணி. எழுத்துத் தேர்வில் ராஜஸ்தானி, பஹாரி, முகலாய, தக்காணச் சிற்றோவியங்களிலிருந்து வங்காள ஓவியப் பள்ளி வரை வரும். சென்னையில் என் அக்கா மகன் இதை எடுத்தான். நல்ல ஆசிரியர் வாய்த்ததால் நன்றாகப் படித்தான். என் அளவுகோலில் இது மாஸ்டர் வகுப்புக்குச் சமம், கலை வரலாறும் சேர்ந்து வருவதால் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எல்லாப் பள்ளியிலும் இந்தப் பாடம் கிடையாது, பள்ளி மாறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்டா, டிசைன் படிப்புக்கான யூசீட் ஆகிய நுழைவுத் தேர்வுகளுக்கான பயிற்சி மையங்கள் ஒன்பதாவதுக்கே விளம்பரம் செய்கின்றன. கட்டடக்கலைக்கான நாட்டாவில் 200-க்கு 80 மதிப்பெண் கையால் வரைவதற்கு என்பது உண்மைதான். ஆனால் அங்கே நடப்பது கேள்விக்கு ஏற்ற பயிற்சி. அது பிளஸ் டூ நெருங்கும்போது போதும். அதற்குள் கண்ணும் கையும் பழகியிருந்தால் அந்தப் பயிற்சியும் சுலபமாக இருக்கும் என்று மாஸ்டரிடம் படித்துக் கட்டடக்கலைக்குப் போன ஒரு பெண் என் மகளிடம் சொன்னாள். 1850-இல் தொடங்கிய எழும்பூர் கல்லூரிக்கோ எங்கள் ஊர் கவின்கலைக் கல்லூரிக்கோ போக நினைப்பவர்களும் அங்கே வரைந்துதான் காட்ட வேண்டும், கோப்பில் உள்ள பதக்கம் உதவாது.

எந்த வகுப்பானாலும் பணம் கட்டும் முன் ஒருநாள் அரை மணி நேரம் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். நடுவில் பொருள் இருக்கிறதா, அது வாராவாரம் மாறுகிறதா, ஆசிரியர் பிள்ளையின் தாளில் தானே வரைகிறாரா, இல்லை பிள்ளையைத் திரும்பப் பார்க்கச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்க அனுமதிக்காத இடத்தில் நான் சேர்க்கவே மாட்டேன்.

பத்தாவது என்பதால் இந்த வருடம் ஞாயிறு காலை மட்டும் போகிறாள். ஹையர் எழுதுவதைப் பொதுத்தேர்வு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மாஸ்டரே சொல்லிவிட்டார். போன மாதம் என் அம்மா மறுபடி அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தபோது, சொல்லாமலே நோட்டை எடுத்துவந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள். குத்திட்ட முழங்கால் முன்னால் பெரிதாக, அதற்குப் பின்னால் முகம் சிறிதாக, கத்தியின் வளைவு நடுவில். விரல்கள் சரியாக வரவில்லை. அடுத்த ஞாயிறு அந்த அரிவாள்மனையைத் துணியில் சுற்றி வகுப்புக்கு எடுத்துப்போனாள்.