பின்பக்க ஏசி குளிராதபோது: குழாயை மாற்றுவதா, ஒட்டுப்போடுவதா, அடைத்துவிடுவதா?

முன்பக்கம் நன்றாகக் குளிர்ந்து, பின்னிருக்கையில் மட்டும் வெறுங்காற்று வரும் வண்டியில், குளிரூட்டும் கேஸை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசரின் மீது பழிபோட அவசியமில்லை. இரு பக்கங்களுக்கும் கம்ப்ரசரும், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரும் பொதுவானவை; பின்பக்கத்திற்கென்று தனியாக இருப்பவை கூலிங் காயில், கேஸின் அழுத்தத்தைக் குறைத்துக் காயிலுக்குள் விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு, காற்றை வீசும் ப்ளோயர், வண்டியின் அடியில் ஓடும் இரண்டு நீளமான குழாய்கள் ஆகியவைதான். பல வண்டிகளில் இவை எதுவுமே இல்லாமல், முன்பக்கக் குளிர்காற்றையே ஒரு குழல் வழியாகப் பின்னுக்கு அனுப்புகிறார்கள். அத்தகைய வண்டிக்கு இந்த அலசல் பொருந்தாது.

காற்றே வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, ப்ளோயர் மோட்டார் என்று பார்த்தால் போதும். அதிகபட்ச வேகத்தில் மட்டும் மோட்டார் ஓடினால், வேகத்தைக் குறைக்க உதவும் ரெசிஸ்டர் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். காற்று வந்தும் குளிரவில்லை என்றால், ஏசியை ஓடவிட்டுப் பின்பக்கக் காயிலுக்குச் செல்லும் இரு குழாய்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். தடித்த குழாய் சில்லென்றும் மெல்லிய குழாய் வெதுவெதுப்பாகவும் இருந்தால் கேஸ் ஓட்டம் சரியாக இருக்கிறது. அப்போது சூடான காற்றைக் கலக்கவிடும் கதவு மூடாமல் நிற்கிறதா என்று தேடலாம். தடித்த குழாய் குளிரவே இல்லை என்றால், வால்வு அடைத்திருக்க வேண்டும் அல்லது கேஸ் குறைந்திருக்க வேண்டும். கேஸ் குறைவுக்குக் கசிவே காரணம், ஏனெனில் மூடிய சுற்றில் கேஸ் தானாகச் செலவாவதில்லை. செலவு வைக்கும் முடிவுகள் இந்தக் கசிவில்தான் தொடங்குகின்றன.

முதல் வழி, கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றுவது. இதை ஒரு வழியாகவே நான் எண்ணுவதில்லை. கேஸோடு கம்ப்ரசருக்கான எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவதால், இன்றைக்கு மிச்சமாகும் பணம் நாளை கம்ப்ரசருக்குச் செலவாகும். அதோடு, பல கார் ஏசிகளில் உள்ள ஆர்-134ஏ கேஸ் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது. கசிவை அடைப்பதாகச் சொல்லி விற்கப்படும் திரவங்கள் இதைவிட மோசம்: அவை எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் இறுகிவிடக்கூடும், கேஸை உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தையும் கெடுக்கக்கூடும் என்பதால், அவை ஊற்றப்பட்ட வண்டியைத் தொடவே தயங்கும் பட்டறைகள் உண்டு.

குழாயை முழுதாக மாற்றுவது மிகவும் நிறைவான வழி, ஆனால் உழைப்பு அதிகம் கேட்பது. அலுமினியக் குழாய்கள் கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் உரசியும், சேறும் உப்பும் தங்கும் வளைவுகளில் அரித்தும் ஓட்டையாகின்றன. ஓரிடத்தில் அரித்த குழாய் மற்ற இடங்களிலும் மெலிந்திருக்கும் என்பதே முழுதாக மாற்றச் சொல்வோரின் வாதம். பழைய வண்டியில் அது பெரும்பாலும் சரியே. எனினும் சில வண்டிகளில் இந்தக் குழாயைக் கழற்ற எரிபொருள் தொட்டியையோ சைலன்சர் குழாயையோ இறக்க வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒட்டுப்போடுவதில் இரண்டு விதம் உண்டு. பசை பூசுவது வீண். வெயில் நாளில் உயர் அழுத்தக் குழாயில் 200 பிஎஸ்ஐ-க்கு மேல் ஏறும் அழுத்தத்தையும் ஓயாத அதிர்வையும் அது நெடுநாள் தாங்காது. கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, இறுக்கு இணைப்பிகளைப் போட்டு, நடுவில் ஏசிக்கென்றே உள்ள ரப்பர் ஹோஸைப் பொருத்துவது வேறு சங்கதி. ஓட்டை ஓரிடத்தில்தான் என்பதை நைட்ரஜனை அழுத்தத்தில் நிரப்பிக் கசிவைத் தேடும் சோதனை உறுதிசெய்துவிட்டால், உரசலால் வந்த ஓட்டைக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். அரிப்பால் வந்த ஓட்டைக்கு இதைச் சொல்லமாட்டேன்.

கடைசி வழி, பின்பக்கச் சுற்றையே அடைத்துவிடுவது. இதைக் குறுக்குவழி என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு. பின்னிருக்கையில் ஆளே ஏறாத வண்டிக்கு, குறிப்பாகக் கசிவு உட்புறப் பலகைகளுக்குப் பின்னாலுள்ள காயிலிலேயே இருந்தால், இது முறையான தீர்வுதான். ஆனால் அடைப்பை எங்கே போடுகிறோம் என்பது முக்கியம். பின்முனையில் மூடினால், நீண்ட குழாய்கள் முட்டுச்சந்தாகி எண்ணெய் அங்கே போய்த் தேங்கிவிடும். மெலிந்த குழாய் மீண்டும் கசியும் அபாயமும் நீங்காது. ஆகவே முன்பக்கத்தில் சுற்று பிரியும் இடத்திலேயே இரு குழாய்களையும் மூட வேண்டும். அதன்பின் பானட்டுக்கு அடியிலுள்ள ஒட்டுத்தாளில் இரட்டை ஏசிக்கென்று குறித்திருக்கும் எடையை அப்படியே ஏற்றினால் கேஸ் மிகுந்து, அழுத்தம் உயர்ந்து, முன்பக்கக் குளிர்ச்சியும் கெடும். அதே மாடல் முன்பக்க ஏசியோடு மட்டும் விற்கப்பட்டிருந்தால், அந்த வகைக்கு உரிய எடையைத் தேடி அதன்படி ஏற்றச் சொல்ல வேண்டும்.