நெட் கம்பெனி பெட்டியே போதுமா, சொந்த ரூட்டர் வாங்கணுமா?

சென்னையில் ஃபைபர் கனெக்‌ஷன் எடுத்தால் கம்பெனிக்காரர்களே ஒரு வைஃபை பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். அதன் செட்டிங்ஸை மட்டும் சரிசெய்து ஓட்டலாமா, இல்லை அதன் வைஃபையை அணைத்துவிட்டு லேன் கேபிளில் சொந்த ரூட்டர் ஒன்றை மாட்டலாமா? வேளச்சேரியில் எங்கள் வீட்டில் இருப்பது இரண்டாவது ஏற்பாடு, அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

எந்தப் பெட்டியானாலும் செய்ய வேண்டியதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 192.168.1.1 மாதிரி முகவரியில் திறக்கும் அட்மின் பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனாலோ ஒரு எண்ணாலோ இணைய வைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள். அதன் 8 இலக்க எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சோதிப்பதால் சுமார் 11,000 முயற்சியில் பிடித்துவிடலாம் என்பது 2011லேயே வெளியான விஷயம். வைஃபை பாஸ்வேர்டாக மொபைல் நம்பரை வைக்காதீர்கள், மாட்ட வருபவர் பெரும்பாலும் அதைத்தான் வைத்துவிட்டுப் போவார். வைஃபைக்கு வழக்கமாகப் போடும் பூட்டான டபிள்யூபிஏ2வில், உங்கள் போன் இணையும் நேரத்துப் பரிமாற்றத்தைப் பக்கத்து பிளாட்டில் இருந்தே பதிவுசெய்து, பிறகு ஆற அமர கணினியில் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். பத்து இலக்க எண் என்றால் நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கு அது பெரிய வேலையே இல்லை. சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வையுங்கள், போதும். வைஃபை பெயரை மறைத்து வைப்பதெல்லாம் மனத் திருப்திக்குத்தான்.

இதுவரைக்கும் இரண்டு பெட்டிக்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் அப்டேட்டில் இருக்கிறது.

2018ல் வந்த அடுத்த தலைமுறைப் பூட்டான டபிள்யூபிஏ3, பதிவுசெய்து வைத்து உடைக்கும் அந்த வழியை அடைக்கிறது. ஆனால் கம்பெனி கொடுத்த பெட்டி பழைய மாடலாக இருந்தால் அதில் டபிள்யூபிஏ3 இருக்காது. (புதியதிலும், பழைய டிவிக்காக இரண்டையும் கலந்து வைத்தால் நீளமான பாஸ்வேர்டு தேவைதான்.) அதைவிட முக்கியம், நாளைக்கு ஒரு புது ஓட்டை தெரியவந்தால் யார் அடைப்பது? 2017ல் டபிள்யூபிஏ2விலேயே கிராக் என்ற ஓட்டை வெளியானபோது, ரூட்டரானாலும் போனானாலும் மருந்து அப்டேட் ஒன்றுதான். கம்பெனி பெட்டியில் அந்தச் சாவி கம்பெனியிடம் இருக்கிறது. அவர்கள் தொலைவிலிருந்து அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெட்டியைத் தயாரித்தவரின் தளத்தில் போய் நாமே இறக்கிக்கொள்ளலாம் என்றால், பெட்டிக்குள் ஓடுவது நெட் கம்பெனிக்காக மாற்றிய ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) என்பதால் அநேகமாக அது பொருந்தாது. எங்கள் பெட்டிக்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று கஸ்டமர் கேரில் கேட்டேன். ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார் என்றார்கள்.

சொந்த ரூட்டரில் ஆட்டோ அப்டேட்டை ஒருமுறை ஆன் செய்துவிட்டால், தயாரிப்பாளர் ஆதரவு தரும் வரை அது தன்னாலேயே நடக்கும். அதை ஆன் செய்யவே மாட்டேன், வாங்கி மாட்டியதோடு சரி என்கிற ஆளுக்கு, நேர்மையாகச் சொன்னால், தவறாமல் அப்டேட் அனுப்பும் கம்பெனியின் பெட்டியே மேல்.

இன்னொரு லாபம் கெஸ்ட் நெட்வொர்க், அதாவது அதே ரூட்டரில் விருந்தாளிகளுக்கென்று பிரித்து வைக்கும் தனி வைஃபை. மலிவு சிசிடிவி கேமரா, வைஃபை பல்பு எல்லாவற்றையும் அதில் தள்ளிவிட்டு, லேப்டாப்பையும் போனையும் தனியாக வைத்திருக்கிறேன். 2016ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டதில் பெரும்பங்கு, வந்தபோது இருந்த பாஸ்வேர்டே மாறாத கேமராக்களும் ரூட்டர்களும்தான். அப்புறம், நெட் கம்பெனியை மாற்றினாலும் வீடு மாறினாலும் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே கூட வரும்.

தொல்லையும் உண்டு. கரண்ட் போனால் இரண்டு பெட்டியும் ஓட வேண்டும், அதனால் இரண்டு அவுட்புட் உள்ள மினி யுபிஎஸ் பாருங்கள். ரூட்டருக்குப் பின்னால் ரூட்டர் என்பதால் சில ஆன்லைன் கேம்கள் முரண்டு பிடிக்கலாம். அதற்குப் பயந்து சொந்த ரூட்டரை, வைஃபை மட்டும் தரும் வெறும் ஆக்சஸ் பாயிண்டாக மாற்றினால், வீட்டு வாசலில் காவல் நிற்பது மறுபடி கம்பெனி பெட்டிதான். கம்பெனி பெட்டி ரூட்டர் வேலையை விட்டுவிட்டு நெட்டை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடைக் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள், நான் முயன்றதில்லை. பல பெட்டிகளை வீடு முழுக்க வைத்து ஒரே வைஃபையாக்கும் மெஷ் செட்டும் அப்படித்தான், எங்கள் வீட்டு அளவுக்குத் தேவைப்படவில்லை.

ரிச்சி தெருவில் வாங்கப் போனால் மாடல் பெயரை மட்டும் பார்க்காமல் அடியில் உள்ள ஸ்டிக்கரில் ஹார்டுவேர் வெர்ஷனையும் பாருங்கள், ஒரே பெயரில் வி1, வி2, வி3 என்று வரும், ஒவ்வொன்றுக்கும் ஃபர்ம்வேர் வேறு. கடையிலேயே போனில் தயாரிப்பாளர் தளத்தைத் திறந்து, அந்த வெர்ஷனுக்குக் கடைசி அப்டேட் எந்தத் தேதி என்று பாருங்கள். இரண்டு மூன்று வருடம் பழையது என்றால், பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.