குரோஷா பூக்களுக்கு நூல் நிறம்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

குரோஷா பூக்களை, அதாவது கொக்கி ஊசியால் நூலில் பின்னும் பூக்களை, வீட்டில் வைப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். ரோஜா, துலிப், சூரியகாந்தி, லாவெண்டர், டெய்சி எனக் கூடத்திலும் மேசையிலும் ஜன்னல் ஓரத்திலும் மாறி மாறி இடம்பிடித்திருக்கின்றன. பின்னும் முறையைச் சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பின்னி முடித்த பூ நாளாக நாளாக அதே இடத்தில் எப்படித் தெரிகிறது என்று சொல்பவர்கள் குறைவு. அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நூலின் நிறம்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறத்தை நூல்கண்டாகக் கையில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பூ நிற்கப்போகும் இடத்தில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக ஒரு நிறம் வந்ததும் அதைச் சிறிய அட்டைத் துண்டில் நெருக்கமாகச் சுற்றி, பூச்சாடி இருக்கும் இடத்தில் சாய்த்து வைத்துவிடுவேன். காலை வெளிச்சம், மதிய வெளிச்சம், விளக்கு போட்ட பிறகு என மூன்று வேளையும் பார்த்த பின்புதான் ஊசியை எடுப்பது.

இதற்குக் காரணம் உண்டு. 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளி விளக்கின்கீழ் வெள்ளை நூல் பாலேடு போலத் தெரியும். எலுமிச்சை மஞ்சள் வெளிறி அதனோடு கலந்துவிடும். ஊதா சற்றே பழுப்பேறும். பகலில் அருமையாகப் பிரிந்து தெரிந்த வெள்ளை டெய்சியும் இளமஞ்சள் டெய்சியும் இரவில் ஒரே பூவாகிவிடும். வெளிச்சம் குறைந்த மூலைகளில் நடப்பது இன்னொன்று. ஒளி மங்க மங்க நம் கண்ணுக்குச் சிவப்பு கருத்துப்போகும், நீலம் எடுப்பாகத் தெரியும். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்னது இது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மங்கலான நடைவழியில் அடர்சிவப்பு ரோஜாக்களை வைத்தால் மாலையில் கருப்பு உருண்டைகள்தான் மிஞ்சும். அந்த இடத்துக்கு லாவெண்டரின் நீலம் கலந்த ஊதாவையும் வெளிர்நீலத்தையும்தான் நான் எப்போதும் ஒதுக்குகிறேன்.

அடர்நிறத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. குரோஷா பூவின் அழகே தையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும் மேடுபள்ளத்தில் இருக்கிறது. மெரூன், கருநீலம் போன்றவற்றில் அந்த நிழல் தெரியாது. இதழ் எங்கே முடிகிறது என்பதே புலப்படாது. ஆகவே மனத்தில் நினைத்த சிவப்பைவிட ஒரு படி வெளிறியதையே எடுக்கிறேன். இதழ் இடுக்குகளில் விழும் நிழலே மீதி ஆழத்தைக் கொடுத்துவிடும். ரோஜாவை நீளப் பட்டையாகப் பின்னிச் சுருட்டும்போது, மையத்துக்குள் போகும் சிறிய இதழ்களுக்கு மட்டும் அடர்ந்த நூல். மூன்றில் ஒரு பங்கு தாண்டியதும் வெளிறிய நூல். மாறும் இடத்தில் இரண்டு நிறத்திலும் மெல்லிய இழை ஒவ்வொன்றைச் சேர்த்துப் பிடித்து ஓரிரு இதழ் போட்டால் ஒட்டுப்போட்டது போல இருக்காது.

பல நிறம் ஓடும் கலவை நூலைப் பற்றி ஒரு வரி: நிறம் சட்சட்டென்று மாறும் வகை சிறிய பூவில் திட்டுத்திட்டாக விழும், அதை நான் வாங்குவதில்லை. மெதுவாக மாறும் வகை நல்லது. ஒரே கண்டிலிருந்து ஒவ்வொரு பூவும் சற்றே வேறு சாயலில் வரும்.

இனி பச்சை. இதழ் நிறத்துக்கு ஒரு மணிநேரம் செலவிடுபவர்கள்கூட இலைக்குக் கைக்குக் கிடைத்த பச்சையை எடுத்துவிடுகிறார்கள். ஒரு பூங்கொத்து இயல்பாகத் தெரிவதும் நெகிழிப் பூப்போலத் தெரிவதும் இந்தப் பச்சையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பளீரென்ற பச்சை எந்த இதழையும் மலிவாக்கிவிடும். துலிப் இலையில் நீலமும் சாம்பலும் கலந்திருக்கும். ரோஜா இலை கரும்பச்சை. லாவெண்டர் தண்டு சாம்பல் பூத்த பச்சை. ஒரே பச்சையை மூன்றுக்கும் போட்டால் மூன்றும் ஒரே செடியில் பூத்ததாகத் தோன்றும். ரோஜாவின் அடியில் வரும் ஐந்து புல்லிகளுக்கு (பூவைத் தாங்கும் பச்சை இதழ்களுக்கு) இலையைவிடச் சற்று வெளிறிய பச்சையைப் போட்டுப் பாருங்கள். பூ தண்டில் ஒட்டவைத்ததாக இல்லாமல் அங்கிருந்து முளைத்ததாகத் தெரியும். துலிப்புக்குப் புல்லி கிடையாது. அதன் இதழ்களின் அடியில் மட்டும் இளம்பச்சையோ வெளிர்மஞ்சளோ ஒரு சுற்று பின்னினால் போதும்.

பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு நல்ல சான்று நெசவு உலகிலேயே இருக்கிறது. பாரிஸில் கோப்லான் என்ற சித்திரத் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ரூலிடம், கருப்புச் சாயத்தில் அழுத்தம் இல்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, கருப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்த நிறங்களே அதை அப்படிக் காட்டின என்று அவர் கண்டறிந்தார். இதைப் பற்றி விரிவாக 1839இல் வெளியிட்டார். பூங்கொத்தில் இதை நான் நேரடியாகப் பயன்படுத்துகிறேன். சிவப்பு எடுக்கவில்லையென்றால் இன்னும் பளிச்சென்ற சிவப்பைத் தேடுவதில்லை, பக்கத்துப் பச்சையை மாற்றுகிறேன். நிறங்கள் குழம்பினால் கொத்தைக் கைபேசியில் கருப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்க்கலாம். எல்லாம் ஒரே சாம்பலாக விழுந்தால், எத்தனை நிறம் சேர்த்தாலும் தூரத்திலிருந்து அது ஒரு மொத்தையாகத்தான் தெரியும்.

வெயிலில் தாக்குப்பிடிப்பது நூலின் வகையையும் பொறுத்தது. அக்ரிலிக் இழை பொதுவாக வெயிலை நன்கு தாங்கும். என் ஜன்னல் ஓரப் பூக்கள் எல்லாம் அதுதான். மெர்சரைஸ்டு (காரத்தில் பதப்படுத்திய) பருத்தி நூல் சாயத்தை நன்றாக உறிஞ்சிப் பளபளப்பும் கொடுப்பதால் நிறம் செறிவாகத் தெரியும். அதை வெயில் நேராகப் படாத இடத்துக்கு வைத்துக்கொள்கிறேன். ஒளிரும் நியான் நிறங்களை வீட்டு அலங்காரத்துக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன், முதலில் வெளுப்பவை அவைதான். கண்ணைப் பறிக்கும் தூய வெள்ளையிலும் வெண்மையூட்டி சேர்த்திருப்பார்கள். வெயில் பட்டுப்பட்டு அது மஞ்சளாகும். தந்த நிற வெள்ளை முதல்நாளே அடக்கமாக இருக்கும், ஆனால் கடைசிவரை அப்படியே இருக்கும். வெல்வெட் போன்ற செனில் நூல் தொட மென்மையானது, தூசியை விடாமல் பிடித்துக்கொள்வது. கருநிறச் செனிலில் அந்தத் தூசி முதல் வாரத்திலேயே தெரியும்.

சாயம் ஒளியைத் தாங்கும் அளவை 1 முதல் 8 வரை தரம் பிரிக்கும் முறை உண்டு. 8 மிக உறுதியானது. எல்லா நூல் உறையிலும் அதைப் போடுவதில்லை என்பதால் வீட்டிலேயே சோதித்துவிடலாம். அட்டையில் சுற்றிய நூலின் பாதியைக் கருப்புத்தாளால் மூடி, வெயில் வரும் ஜன்னலில் சில வாரம் வைத்துத் திறந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். அடர்சிவப்பு, மெரூன் நூல்களை வெள்ளை நூலோடு சேர்க்கும் முன் சாயம் ஒட்டுகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தும் பார்க்க வேண்டும்.

கடைசியாக லாட் எண், அதாவது ஒரே தொட்டியில் சாயமேற்றிய நூலுக்கு உறையில் போடும் எண். நிற எண் ஒன்றாக இருந்தாலும் சாயத் தொட்டி மாறினால் சாயல் மாறும். ஒரு கொத்துக்கு வேண்டிய இதழ் நூலை ஒரே லாட்டில் வாங்கி, கூடுதலாக ஒரு கண்டை இருட்டான பெட்டியில் வைக்கிறேன். பழைய பூவில் ஓர் இதழ் மட்டும் கெட்டுப்போனால் அந்த நூல் அதற்குப் பொருந்தாது, பூ அதற்குள் கொஞ்சம் வெளுத்திருக்கும். அப்போது முழுப் பூவையும் புதிதாகப் பின்னிக் கொத்தின் நடுவில், அடர்நிறம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, பழையவற்றை ஓரத்துக்கு நகர்த்துகிறேன்.