கண்ணாடி மாதிரி பளபளக்கும் பழைய எல்பி: சென்னையில் ரிக்கார்டு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையில் பழைய இசைத்தட்டு விற்கும் ஒரு கடையில் "நியர் மின்ட் (ஏறக்குறையப் புதுசு), ஒரு கீறல்கூடக் கிடையாது" என்று சொல்லி 4,500 ரூபாய்க்கு எங்களுக்கு விற்கப்பட்ட எல்பியை, அதாவது லாங் பிளே இசைத்தட்டை, பற்றிய எச்சரிக்கை இது. 1980களில் வந்த தமிழ்ப் பட எல்பி, எக்கோ கம்பெனி வெளியீடு. அட்டை புதுசு போல இருந்தது, தட்டு கண்ணாடி போல இருந்தது. முதல் பாட்டின் முதல் நிமிடத்தைக் கடையிலேயே ஓட்டிக் காட்டினார்கள், சுத்தமாகத்தான் ஒலித்தது. வீட்டில் முதல் பக்கம் முடிவதற்குள் ஊசி நுனியில் கறுப்பாக ஒரு உருண்டை கட்டியிருந்தது. கடைசிப் பாட்டில் பாடகியின் "ச", "ஸ" வரும் இடமெல்லாம் துணி கிழிகிற மாதிரி சத்தம். மறுநாள் திருப்பிக் கொண்டுபோனபோது கிடைத்த பதில்: "பழைய தட்டுன்னா அப்படித்தான் சார் இருக்கும். உங்க ஊசியைச் செக் பண்ணுங்க." பணம் வரவில்லை.

அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடலாம். பாட்டு முடிந்து நடுவில் ஒட்டியிருக்கும் காகித லேபிளுக்கு முன்னால் வெறுமையாக ஒரு வளையம் இருக்குமே, டெட் வாக்ஸ், அதன் மேல் காது குடையும் பஞ்சுக்குச்சியைக் கால் சுற்று லேசாக இழுத்தோம். பஞ்சு பழுப்பாகி வழுவழுத்தது. தட்டில் பஞ்சு போன தடம் மட்டும் மங்கலாகவும் சுற்றிலும் பளபளப்பாகவும் நின்றது. வாசனையை வைத்துப் பார்த்தால் கார் டேஷ்போர்டுக்குப் பூசும் சிலிக்கோன் பாலிஷ். மெல்லிய கீறல்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் பழைய தட்டு மங்கலாகத் தெரிகிறது. அந்தக் கீறல்களை எண்ணெயோ பாலிஷோ நிரப்பிவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும், ஆனால் ஊசிக்கு எதுவும் மறையாது. பாலிஷோடு தூசி கலந்து களிம்பாகிறது, ஊசி அதை வழித்துக்கொண்டே போகிறது. நுனியில் உருண்டை கட்டியது இப்படித்தான்.

துடைத்த பிறகு தெரிந்ததுதான் பெரிய கேடு. சத்தமான இடங்களில் தட்டின் வரிகள், அதாவது ஊசி ஓடும் பள்ளங்கள், சாம்பல் பூத்திருந்தன. அது அழுக்கு இல்லை, தேய்மானம். நம் ஊர் எல்பிகள் பெரும்பாலும் எச்எம்வி ஃபியஸ்டா மாதிரி சிறிய பிளேயர்களிலும் ரேடியோகிராம்களிலும் ஓடியவை. அவற்றின் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தியிருக்கும் பகுதி) ஊசியைப் பல கிராம் எடையோடு அழுத்தும். இன்றைய காந்த கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் அளவு போதும். மேலும் கீழும் அசையவே தெரியாத பழைய மோனோ கார்ட்ரிட்ஜில் ஸ்டீரியோ தட்டை ஓட்டியிருந்தால் இன்னும் மோசம், வரியின் இரண்டு சுவரையும் அது செதுக்கியிருக்கும். தேய்ந்த ஊசியை மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓட்டிய வீடுகளும் நிறைய. இந்தச் சேதத்தை எந்தக் கழுவலும் சரிசெய்யாது.

கடைக்காரர் ஏன் முதல் பாட்டை மட்டும் ஓட்டினார் என்பதும் இங்கேதான் இருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓடும் 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் வரி நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது அது 21 செ.மீ. ஆகிவிடுகிறது. அதே ஒலியை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கிச் செதுக்கியிருப்பார்கள். தேய்மானம் முதலில் காட்டிக்கொடுப்பதும் அங்கேதான். ஆகவே கேட்க வேண்டியது ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டு, அதிலும் கடைசி இரண்டு நிமிடம். பெண் குரல், வயலின் கூட்டம், ஜால்ரா வரும் இடம் கிடைத்தால் நல்லது. "ச" கிழிகிறதா, உச்சத்தில் வயலின்கள் ரம்பம் போல அறுக்கின்றனவா, ஒரு ஸ்பீக்கரில் மட்டும் கரகரப்பு அதிகமா என்று காது கொடுங்கள். ஹெட்ஃபோனைக் கையோடு கொண்டுபோங்கள். கடையில் வால்யூமைக் குறைத்து வைத்து, ஏசி இரைச்சலில் கேட்டால் எல்லாத் தட்டும் நன்றாகத்தான் இருக்கும்.

"ஓட்டிக் காட்ட முடியாது, பிளேயர் ரிப்பேர்" என்று ஒரு கடை சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஓட்டிப் பார்க்காத தட்டுக்கு நியர் மின்ட் விலை கேட்கக் கூடாது. ரிக்கார்டு சேகரிப்பவர்கள் பின்பற்றும் கோல்ட்மைன் தர அளவையில் நியர் மின்ட்டுக்கு அடுத்த படியான விஜி+ (வெரி குட் பிளஸ்) தட்டின் மதிப்பு நியர் மின்ட்டில் ஏறக்குறைய பாதி, அதற்கும் கீழே விஜி (வெரி குட்) என்றால் கால்பங்கு. கண்ணால் மட்டும் பார்த்து ஒட்டிய தரத்தை ஒரு படி இறக்கியே கணக்குப் போடுங்கள். சென்ட்ரல் பக்கம் இருந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு எழுந்த அல்லிக்குளம் வளாகத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய சாமான் வியாபாரிகள் தட்டைக் குவியலாகப் போட்டு "பார்த்து எடுத்துக்கோங்க" என்பார்கள். அது நேர்மையான வியாபாரம், விலையும் அதற்குத் தக்கபடி இருக்கும். நியர் மின்ட் என்று சீட்டு ஒட்டி, அந்தச் சீட்டுக்காகவே பணம் வாங்கிவிட்டு, பிறகு "பழசுன்னா அப்படித்தான்" என்பது வேறு.

ஓட்டுவதற்கு முன்பே மூன்று இடங்களைப் பார்த்துவிடலாம். முதலாவது, லேபிளின் நடு ஓட்டை. தட்டை வைக்கும் ஒவ்வொரு தடவையும் பிளேயரின் நடுக்கம்பியான ஸ்பிண்டில் ஓட்டையைத் தேடி லேபிளில் உரசும், மயிரிழை போலச் சாம்பல் கோடுகள் விழும். ஓட்டையைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி கோடுகள் இருந்தால் அந்தத் தட்டு நிறையத் தடவை ஓடியிருக்கிறது. எந்தப் பாலிஷும் இதை மறைக்காது, தட்டைத் துடைக்கிறவர்கள் லேபிளைத் தொடுவதில்லை. நம்முடைய எல்பியில் இந்த வலை இருந்தது. வாங்கும்போது பார்க்காமல் விட்டதுதான் பிசகு.

இரண்டாவது, கீறலின் திசை. ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. செல்போன் டார்ச்சைத் தட்டின் மேல் சாய்வாக, தாழ்வாகப் பிடித்துத் தட்டை மெல்லச் சுற்றுங்கள். கையில் பிடிப்பது விளிம்பும் லேபிளும் மட்டும். குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டக்", எல்பியில் 1.8 நொடிக்கு ஒரு தடவை. எல்பியில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 முதல் 10 வரிகள் வரை இருக்கும். அப்படியானால் 1 செ.மீ. குறுக்குக் கீறல் 80 முதல் 100 சுற்று, இரண்டரை மூன்று நிமிடம் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு முழுச் சரணம் போய்விடும். வரியோடு சேர்ந்து ஓடும் கீறல் பார்க்கச் சின்னதாக இருந்தாலும் ஊசியை மாட்டவைத்துவிடும், கீறல் விழுந்த ரிக்கார்டு என்று ஊரே சொல்கிறதே, அது இதுதான். விரல் நகத்தை இதன் மேல் ஓட்டிச் சோதிக்காதீர்கள், நகத்தில் உள்ள எண்ணெயும் தூசியும் உள்ளே போகும்.

மூன்றாவது, லேபிளின் ஓரம். தட்டு அச்சாகும்போதே லேபிளையும் வினைல் உருண்டையோடு சேர்த்துச் சூட்டில் அழுத்துகிறார்கள், பசையே கிடையாது. ஆகவே லேபிள் தட்டோடு ஒன்றிப்போயிருக்கும். ஓரம் தூக்கியிருந்தாலோ, பசைத் தடம் தெரிந்தாலோ, தட்டின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் படியாமல் மேலே நின்றாலோ அது பிறகு ஒட்டியது. விலை போகாத தட்டில் விலை போகும் படத்தின் லேபிளை ஒட்டியிருக்கலாம். டெட் வாக்ஸில் பொறித்த எண்ணை லேபிள், அட்டை இரண்டோடும் ஒப்பிடுங்கள். பல தட்டுகளில் அந்த எண் லேபிளிலேயே பொடி எழுத்தில் இருக்கும்.

அட்டை விஷயத்திலும் இந்தத் தடவை ஏமாற்றுதான். முன்பக்கத்தில் மேல் மூலையில் ஒரு மடிப்பு தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்த அந்த மடிப்பு விரலுக்குத் தெரியவில்லை! ஏதோ ஒரு பழைய அட்டையை ஸ்கேன் செய்து, அதன் மடிப்போடு சேர்த்து அச்சடித்துப் புது அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வரிசையாக, பூ இதழ் போல வட்டம் கட்டி நிற்கும். இன்க்ஜெட்டில் புள்ளிகள் மணல் தூவினது போலச் சிதறும். ஸ்கேன் செய்த பழைய அச்சில் பொடி எழுத்துகளின் ஓரம் மங்கிக் குழம்பும், கீழே இருக்கும் கம்பெனி முகவரி வரியில் இது நன்றாகத் தெரியும். நகல் அட்டை விற்பது தப்பில்லை, நகல் என்று சொல்லி விற்க வேண்டும். அட்டை போன தட்டுக்கு அது உதவியும்கூட.

மறுபதிப்பை முதல் பதிப்பு என்று விற்பதும் நடக்கிறது. சமையலறைத் தராசு போதும். பழைய எல்பி பொதுவாக 120 முதல் 140 கிராம், புதிதாக வருபவை பல 180 கிராம். அட்டையில் பார்கோடு இருந்தால் 1970களின் பதிப்பு என்று சொல்ல வழியே இல்லை.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அவை வினைல் இல்லை, அரக்கு. ஸ்பிரிட்டோ ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலோ பட்டால் கரையும். "ஸ்பிரிட்டில் துடைத்துப் பளிச்சென்று வைத்திருக்கிறோம்" என்று ஒரு கடை சொன்னால் அங்கே 78 வாங்காதீர்கள். பித்தளைக் குழாய் வைத்துப் புதிதாகச் செய்து பழசு என்று விற்கும் கிராமஃபோன் பெட்டிகளோடு எல்பியைச் சேர்த்துத் தருகிறவர்களும் உண்டு. அந்தப் பெட்டியின் இரும்பு ஊசியில் எல்பி ஒரே ஓட்டத்தில் பாழ்.

"உங்க ஊசி சரியில்ல" என்ற பதிலுக்கு ஆதாரத்தோடு போக வேண்டும். ஊசி தட்டை அழுத்தும் எடையை டிஜிட்டல் தராசில் அளந்து போட்டோ எடுங்கள். அதே ஊசியில் நல்ல நிலையில் உள்ள வேறொரு தட்டின் கடைசிப் பாட்டையும், தகராறுக்குரிய தட்டின் கடைசிப் பாட்டையும் ஒரே வீடியோவில் இடைவெட்டு இல்லாமல் பதிவுசெய்யுங்கள். பாலிஷ் ஒட்டிய பஞ்சுக்குச்சியை வீசிவிடாதீர்கள்.

பில் கட்டாயம். பில்லில் தட்டின் பெயர், எண், "நியர் மின்ட்" அல்லது "விஜி+" என்ற தரம், எத்தனை நாளில் திருப்பலாம் என்பது, இவ்வளவும் எழுதி வாங்குங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகைக்குப் பயப்பட வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அதே கணக்குதான். பழைய பொருள் என்பதால் "குறை" எது என்ற வாதம் வரும், பில்லில் தரம் எழுதியிருந்தால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. இந்த எல்பிக்குக் கிடைத்தது வெறும் தொகை எழுதிய துண்டுச் சீட்டு, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

பாலிஷ் பூசிய தட்டு ஏற்கனவே கைக்கு வந்துவிட்டதா? 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரே சொட்டு. லேபிள் நனையாமல், மெல்லிய பிரஷ்ஷால் வரி போகும் திசையிலேயே வட்டமாக இரண்டு பக்கமும் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். பிறகு டிஸ்டில்ட் வாட்டரில் இரண்டு தடவை அலசுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் போதும், ஆசிட் கலந்தது கூடாது. அதன் பிறகும் வழுவழுப்பு இருந்தால், வினைலுக்கு மட்டும், 800 மில்லி டிஸ்டில்ட் வாட்டரில் 200 மில்லி ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நிழலில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். காய்ந்த தட்டைப் பழைய உள்ளுறையில் திரும்பப் போடாதீர்கள், அதிலும் பாலிஷ் ஊறியிருக்கும்.

இந்த எல்பிக்கு மூன்று கழுவல் ஆனது. இரண்டு பக்கத்திலும் முதல் இரண்டு பாட்டுகள் கேட்கும்படி தேறின, உள்பக்கத்துப் பாட்டுகள் தேறவில்லை. ஊசியையும் பார்க்க வேண்டியிருந்தது. களிம்பு உலர்ந்து கெட்டிப்பட்டால் ஊசியின் வைர நுனியை விட்டு லேசில் வராது. ஊசி பிரஷ்ஷில் ஒரு துளி ஆல்கஹால் தொட்டு, பின்னாலிருந்து முன்னால் மட்டும், ஐந்தாறு தடவை இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டான கேன்டிலீவர் ஒடியும், அப்புறம் தட்டின் விலையோடு கார்ட்ரிட்ஜ் விலையும் சேர்ந்துகொள்ளும்.