மவுஸல் பதிவேடுகளோடு எட்டு வருடம்

என் மாமியாரின் முன்னோர் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில், மவுஸல் கிராமத்து மீனவர்கள். அவர்களைத் தேடி அந்த ஊர்ப் பதிவேடுகளைப் புரட்ட ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிறது.

முதல் ஆறு மாதம் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் மேட்டின் மேல் இருக்கும் 'பால்' என்ற ஊரின் பங்குக் கோவில் ஏட்டில்தான் பதிவாகும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 1595-இல் ஸ்பானியர்கள் வந்து மவுஸலைக் கொளுத்தியபோது அந்தக் கோவிலும் எரிந்தது. இன்று கையில் இருக்கும் ஏடு அந்த வருடத்தில்தான் தொடங்குகிறது.

கார்ன்வால் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் தளம் இலவசம். தன்னார்வலர்கள் ஏடுகளைப் படித்துப் படித்து ஏற்றியது. நான் தினமும் திறப்பது இதைத்தான். பெயரில் மட்டும் பிடிவாதம் கூடாது. கார்ன்வாலின் பழைய மொழியான கார்னிஷின் கடைசிப் பேச்சாளர்களில் ஒருவராகப் புகழ்பெற்ற டாலி பென்ட்ரீத்தே 1777 அடக்கப் பதிவில் டாலி ஜெஃப்ரி என்றுதான் இருக்கிறார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உதவும். ஆனால் 1841-இல் பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதிவிட்டார்கள். வீட்டில் ஆண் பெயர் இல்லையென்றால் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டாதீர்கள். கணக்கெடுத்த இரவில் கடலில் இருந்திருக்கலாம். மெதடிஸ்ட் குடும்பம் என்றால் சேப்பல் எனப்படும் அவர்களுடைய கோவில் ஏடுகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பெரிய அடி ஒரு கட்டணத் தளத்தில் விழுந்தது. ஒரே பெயருள்ள இரண்டு பெண்களை ஒருத்தியாக்கி, விதவை மறுமணம் செய்ததாக அங்கே ஒரு குடும்ப மரம் இருந்தது. அதை நம்பி இரண்டு வருடம் வீணானது.

பிறகு ரெட்ரூத்தில் உள்ள க்ரெசன் கெர்னோ ஆவணக் காப்பகத்துக்குப் போய் ஏட்டின் பக்கங்களையே பார்த்தோம். 1754-இலிருந்து மணமக்கள் ஏட்டில் கையெழுத்தோ அடையாளமோ இட வேண்டும். முதல் கல்யாணத்தில் மணப்பெண் முழுப்பெயரை அழகாக எழுதியிருக்கிறாள். இரண்டாவதில் வெறும் பெருக்கல் குறி, பக்கத்திலேயே 'மணமாகாதவள்' என்ற குறிப்பு. சரி, இரண்டாமவள் வேறு ஆள். குறி போட்ட இவள்தான் எங்கள் ஆள்.

குறியின் ஒரு கால் நடுங்கி வளைந்திருந்தது, முனையில் மை திரண்டிருந்தது. மாமியார் அதன் மேல் விரலை வைத்து, வெகுநேரம் எடுக்கவே இல்லை.