அம்மாவுக்குச் செயலியா, குரல்செய்தியா?

மும்பை தாராவியில் வாழும் என் அம்மாவுக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. அவருக்குச் சர்க்கரை நோய் வந்தபின், அதைப் புரிந்து சமாளிக்கக் கைபேசியில் இரண்டு வழிகளைச் சோதித்துப் பார்த்தோம்.

ஒன்று, செயலி. சர்க்கரை அளக்கும் கருவியான குளுக்கோமீட்டரில் வரும் எண் புளூடூத் வழியே தானாகப் பதிவாகிவிடும். மருத்துவரிடம் காட்ட அந்த எண்களின் வரைபடம் மிகவும் உதவியது. ஆனால் அம்மாவுக்கு அதிலிருந்த சிவப்புக் கோடு பயத்தை மட்டுமே கொடுத்தது.

மற்றொன்று, வாட்ஸ்அப்பில் தமிழ்க் குரல்செய்தி. செவிலியரான என் சித்தி மகள் நாளுக்கு ஒன்று அனுப்பினாள். "பெரியம்மா, ஹெச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை காட்டுவது ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. பரிசோதனைக்கு முந்தைய நாள் பட்டினி கிடந்து அதைக் குறைக்க முடியாது." அம்மா அன்றே அந்தப் பழக்கத்தை விட்டார்! "சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள்" என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். புரியாத ஒன்றை யாரும் இப்படிப் பிறருக்குச் சொல்ல மாட்டார்கள்.

குரல்செய்தியில் எண்களின் வரலாறு சேராது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொல்லும் ஆபத்தான செய்திகளும் அதே வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. அவற்றைச் சித்தி மகளிடம் கேட்காமல் நம்பக்கூடாது என்று அம்மாவிடம் உறுதி வாங்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குக் குரல்செய்திதான் முதலில். செயலி இப்போது என் கைபேசியில் இருக்கிறது. எண்ணை அம்மா சொல்ல, நான் பதிகிறேன்.