பிரிட்ஜ்நார்த் முதல் பிளாட்ஃபாரத்தில் ஒரு பைன்ட்

இங்கிலாந்தில் ரயில் பெயரைச் சொல்லிப் பிழைக்கும் பப்கள் நிறைய உண்டு. சுவரில் பழைய ஸ்டேஷன் போர்டு மாட்டியிருப்பார்கள், மூலையில் ஒரு கை விளக்கு இருக்கும், மெனு அட்டை பழைய டிக்கெட் மாதிரி அச்சாகியிருக்கும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் வெளியே கார் பார்க்கிங்தான் தெரியும். எனக்கு இது போதாது. ரயில் பப் என்றால் அது ரயிலுக்காக இருக்க வேண்டும். வண்டிக்குக் காத்திருப்பவரும் வண்டியை ஓட்டி முடித்தவரும் ஒரே கவுண்டரில் நிற்க வேண்டும். அந்த வகையில் நான் பார்த்தவற்றிலேயே முதல் இடம், பழைய நீராவி இன்ஜின்கள் ஓடும் செவர்ன் வேலி ரயில்வேயின் வடக்குக் கடைசியான பிரிட்ஜ்நார்த் ஸ்டேஷனில் இருக்கும் 'ரயில்வேமேன்ஸ் ஆர்ம்ஸ்' பப்புக்குத்தான்.

பர்மிங்காமில் இருப்பவர்களுக்கு வழி சுலபம். ஸ்னோ ஹில் அல்லது மூர் ஸ்ட்ரீட்டில் சாதாரண ரயில் பிடித்துக் கிட்டர்மின்ஸ்டரில் இறங்க வேண்டும், முக்கால் மணி நேரம் ஆகும். வெளியே வந்து நாலடி நடந்தால் செவர்ன் வேலியின் சொந்த ஸ்டேஷன். பார்த்தால் நூறு வருஷத்துக் கட்டடம் போலத் தெரியும். ஆனால் பழைய கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியின் பாணியில் 1980-களில் கட்டியது. அதற்குள்ளேயே 'கிங் அண்ட் காஸில்' என்று ஒரு பப் இருக்கிறது. கிரேட் வெஸ்டர்னின் இரண்டு பெரிய இன்ஜின் வகைகளின் பெயர் அது. காஸில் வகை 1923-லும் கிங் வகை 1927-லும் ஓட ஆரம்பித்தன. நல்ல பப்தான், விசாலமாக இருக்கும். ஆனால் போகும்போதே அங்கே உட்கார்ந்துவிடாதீர்கள். திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பாதை 16 மைல், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு சஃபாரி பூங்காவை ஒட்டிப் போகும், அதிர்ஷ்டம் இருந்தால் பெட்டியிலிருந்தே யானை தெரியும். பியூட்லி தாண்டியதும் செவர்ன் நதி கூடவே வரத் தொடங்கும். ஆர்லிக்குக் கொஞ்சம் முன்னால் விக்டோரியா பாலம் வருகிறது. 1861-ல் கட்டிய 200 அடி வார்ப்பிரும்பு வளைவு அது, ஒரே தாண்டலில் ஆற்றைக் கடக்கும். பாலத்தில் வண்டி மெதுவாகப் போகும்போது இடது பக்கமும் வலது பக்கமும் மாறி மாறி ஓடாமல் ஒரு பக்கமாக நின்று பாருங்கள்.

இந்தப் பாதையின் பெரும் பகுதியை பிரிட்டிஷ் ரயில்வே 1963-ல் பயணிகளுக்கு மூடிவிட்டது. 1965 ஜூலையில் ரயில் பிரியர்கள் சிலர் கிட்டர்மின்ஸ்டரில் 'கூப்பர்ஸ் ஆர்ம்ஸ்' என்ற பப்பில் கூடிப் பேசி, இதைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1970-ல் பிரிட்ஜ்நார்த்துக்கும் ஹாம்ப்டன் லோடுக்கும் இடையே முதல் வண்டி ஓடியது. 1984-ல் கிட்டர்மின்ஸ்டர் வரை வந்து சேர்ந்தார்கள். டிரைவர், ஃபயர்மேன், கார்டு, சிக்னல்மேன் என்று இன்றைக்கும் பெரும்பாலான வேலைகளைத் தன்னார்வலர்களே செய்கிறார்கள். இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு பப் மேசைதான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பிரிட்ஜ்நார்த்தில் இறங்கியதும் எல்லோரும் இன்ஜின் பக்கம் ஓடுவார்கள். நீங்களும் போங்கள், பார்க்க வேண்டியதுதான். ஃபயர்மேன் கீழே இறங்கி, பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் குனிந்து, திருகுக் கொக்கியின் கைப்பிடியைச் சுற்றித் தளர்த்துவார். கனமான இரும்பு, இரண்டு கையாலும் தூக்கித்தான் கழற்ற வேண்டும். பிரேக்குக்கான வேக்யூம் குழாய்களையும் பிரிப்பார். இன்ஜின் தனியாகக் கொஞ்சம் முன்னால் போய், பக்கத்துத் தண்டவாளத்தில் திரும்பி வந்து மறுமுனையில் மாட்டிக்கொள்ளும். நான் கடைசியாகப் போனபோது வந்தது 'எர்ல்ஸ்டோக் மேனர்', 7812. பச்சை வண்ணம், புகைபோக்கியின் உச்சியில் செம்பு வளையம். சூடான எண்ணெயும் நிலக்கரிப் புகையும் கலந்த அந்த வாசனையோடு பப் கதவைத் திறந்து உள்ளே போக வேண்டும். கதவு முதல் பிளாட்ஃபாரத்திலேயே இருக்கிறது.

1861-லிருந்தே மது விற்க உரிமம் உள்ள இடம் என்று சொல்கிறார்கள். உள்ளே பெரிய அலங்காரம் எதுவும் கிடையாது. கரி அடுப்பு, மர பெஞ்சு, சுவர் நிறைய ரயில்வே சாமான்கள். அவை அழகுக்காகக் கடையில் வாங்கி மாட்டியவையாகத் தெரியாது, அந்த இடத்துக்கே உரியவையாக இருக்கும். கவுண்டரில் வரிசையாகக் கை பம்புகள். அவற்றில் 'பாதம்ஸ்' பெயரைப் பார்த்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

பாதம்ஸ் 1877-லிருந்து ஒரே குடும்பம் நடத்தும் மதுவாலை. பர்மிங்காமுக்கு மேற்கே, பிளாக் கன்ட்ரி என்ற பகுதியில் பிரயர்லி ஹில்தான் அவர்கள் ஊர். அவர்களுடைய பிட்டர் பீரில் ஆல்கஹால் 4.3 சதவீதம். நிறம் வெளிர் தங்கம். முதல் வாயில் மெல்லிய இனிப்பு தெரியும், விழுங்கிய பிறகு ஹாப்ஸ் பூவின் கசப்பு நாக்கின் பின்பக்கம் மெதுவாக ஏறும். நம் ஊரில் ஐஸ் போல் குளிர்ந்த பாட்டில் பீர் குடித்துப் பழகியவர்களுக்கு முதல் வாயில் இது ஆறிப்போனது போலத் தோன்றலாம். இந்தப் பீரை நிலவறையில் 11 முதல் 13 டிகிரியில் வைத்திருப்பார்கள். அதற்கு மேல் குளிர்ந்தால் சுவையே தெரியாது. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், அங்கேயே இரண்டாவது முறை நொதித்து வரும். கேஸ் அடைத்துத் தள்ளுவதில்லை. பரிமாறுபவர் கிளாஸைச் சாய்த்துப் பிடித்துக் கை பம்பை நிதானமாக இழுப்பார். நுரை மேலே ஏறித் தணிந்ததும், இன்னொரு சின்ன இழுப்பு இழுத்து ஒரு பைன்ட், அதாவது 568 மில்லியையும் நிறைத்துக் கொடுப்பார். அவசரமாகச் செய்கிற வேலை இல்லை இது.

இந்த இடத்தில்தான் ரயிலும் பீரும் ஒன்றுக்கொன்று உதவுகின்றன. இப்படிப்பட்ட பீப்பாயைத் திறந்துவிட்டால் காற்றுப் படும், மூன்று நாலு நாளில் காலியாக வேண்டும். கூட்டம் இல்லாத பப்பில் அது புளிக்க ஆரம்பித்துவிடும். ஒருமுறை ஒரு பெரிய நகரத்தில் இன்ஜின் படமும் பெயரும் போட்ட ஒரு பீரை ஆசையாக வாங்கினேன், வினிகர் வாடை அடித்தது. அந்தப் பப்பில் இருந்ததெல்லாம் ரயில் படங்கள்தான், ரயில் இல்லை. பிரிட்ஜ்நார்த்தில் வண்டி வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் பெட்டி நிறையத் தாகத்தோடு ஆட்கள் இறங்குகிறார்கள். பீப்பாய் நிற்காமல் ஓடுகிறது, அதனால் பீர் புதிதாகவே கிடைக்கிறது.

மாலையில் போனால் இன்னொன்றும் பார்க்கலாம். டியூட்டியில் இருக்கும்போது ஒரு சொட்டுக்கூடத் தொடக் கூடாது என்பதால், ஷிஃப்ட் முடித்து இன்ஜினை ஷெட்டில் விட்டபிறகுதான் ஃபயர்மேன்கள் வருவார்கள். முகம் கழுவியிருப்பார்கள், ஆனால் காது மடலுக்குப் பின்னால் கரி அப்படியே இருக்கும். எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பெரியவர், தன் இன்ஜினில் அன்றைக்கு நீராவி ஏன் சரியாக எழவில்லை என்று நண்பரிடம் அரை மணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தார். கரி சரியில்லையாம், தூளெல்லாம் அடியில் சேர்ந்து கிளிங்கர் என்ற கட்டியாக உருகிக் காற்றை அடைத்துவிட்டதாம். காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம் அது, நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேறு ஸ்டேஷன் பப்கள் இல்லையா என்று கேட்டால், இருக்கின்றன, நல்லவையும் இருக்கின்றன. கட்டட அழகுக்கு ஷெஃபீல்ட் டேப். 1904-ல் கட்டிய முதல் வகுப்பு சிற்றுண்டி அறை, பல காலம் பாழாய்க் கிடந்ததை மீட்டு 2009-ல் திறந்தார்கள். டைல்ஸ் பதித்த சுவரைப் பார்த்துக்கொண்டே ஒரு ரயிலைத் தவற விடலாம். மான்செஸ்டர் பக்கம் ஸ்டேலிபிரிட்ஜ் ஸ்டேஷன் பார் 1885-லிருந்து இருக்கிறது. அங்கே கறுப்புப் பட்டாணி கேட்டு வாங்குங்கள். வேகவைத்து வினிகர் விட்டுக் கொடுப்பார்கள், தாளிக்காத சுண்டல் மாதிரி இருக்கும், பீருக்கு நன்றாகச் சேரும். பாட்டிலில் வேண்டுமென்றால் வில்ட்ஷயரின் பாக்ஸ் ஸ்டீம் மதுவாலை இருக்கிறது. பொறியாளர் புருனெல் குடைந்து 1841-ல் திறந்த பாக்ஸ் ரயில் டனலின் பெயரை வைத்துக்கொண்ட நிறுவனம். அவர்களுடைய 'டனல் விஷன்' நல்ல ஏல் வகை பீர். இவை எல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனால் நீராவி இன்ஜின் வேலை செய்யும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குடிக்க வேண்டும் என்றால் பிரிட்ஜ்நார்த்துக்குத்தான் போக வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வண்டி வருஷம் முழுக்க தினமும் ஓடாது, அட்டவணை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்டீம் காலா என்ற நீராவித் திருவிழா நாட்களில் பல இன்ஜின்கள் ஓடும், பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் பப் சின்னது, உள்ளே நிற்கவும் இடம் இருக்காது, கிளாஸை எடுத்துக்கொண்டு பிளாட்ஃபாரத்துக்கு வந்துவிட வேண்டியதுதான். வெயில் நாளில் அதுவே நல்ல இடம். அமைதியாக ரசிக்க வார நாள் மதியம்தான் சரி. வயிறார மதியச் சாப்பாட்டை ஊருக்குள் முடித்துக்கொண்டு வாருங்கள். குடிக்காதவர்களைக் கூட்டிப்போகத் தயங்க வேண்டாம், என் மனைவி அங்கே எலுமிச்சை சோடாவோடு அடுப்புப் பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொள்வாள், இன்ஜின் படம் எடுப்பதில் அவள்தான் என்னைவிட மும்முரம். அப்புறம், கடைசி வண்டி நேரத்தைக் கவுண்டரில் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதை விட்டால் பிரிட்ஜ்நார்த்திலிருந்து கிட்டர்மின்ஸ்டர் போக வேறு ரயில் கிடையாது.